மயிரிழை

“இன்னிக்காச்சும் ஆச்சா, அம்மிணி?”

கோயமுத்தூர் போய்விட்டு வந்து நான் காரை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து அப்பா கேட்கிற கேள்வி இது. பதினான்கு மாதமாகக் கேட்கிறார். நானும் பதினான்கு மாதமாக “இல்லீங்கப்பா” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வயது 84. கண் இரண்டும் மங்கிவிட்டன. நான் இல்லை என்றதும் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். துண்டை எடுத்து ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்த உதறலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கேட்பது எங்கள் வீட்டு ரிவால்வரைப் பற்றி. பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்த .32 மார்க் 4. ஆறு அறை. இடப்பக்கம் இருக்கும் தாழைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடியும். சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற ஒரு தகடு எழும்பி வந்து ஓடுகளை மொத்தமாக வெளியே தள்ளும். உடம்பில் சிறகு முளைத்த தோட்டா ஒன்றைச் சின்னமாகக் குத்தியிருப்பார்கள். சின்ன வயதில் அதைக் குருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனைமலை எஸ்டேட் ஒன்றில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் 1968இல் ஊர் திரும்பியபோது, முறையாக லைசென்ஸ் எடுத்து அப்பா வாங்கியது அது. வால்பாறைத் தோட்டங்களுக்கு லாரி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த காலம். சம்பள நாளில் பொள்ளாச்சி பேங்கில் பணம் எடுத்துக்கொண்டு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும். இருட்டிவிட்டால் வழியில் யானை நிற்கும். சில நாள் ஆளும் நிற்பான். அந்தப் பயத்துக்கு வாங்கினார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரை நோக்கியும் அதை நீட்டியதில்லை. மாதம் ஒருமுறை பிரித்துத் துடைத்து, எண்ணெய் காட்டி, மெல்லிய துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, கணக்கு நோட்டு வரிசையில் அந்தப் பெட்டியும் இருக்கும்.

ஆயுத விதிகள் 2016இன்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்துவிட்டாலோ வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். அப்படித்தான் அது என் பெயருக்கு வந்தது. பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை, கலெக்டர் ஆபீஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் வாங்கினேன். ஓர் இடத்திலும் குறுக்கு வழி போகவில்லை. 2024 மக்களவைத் தேர்தல் அறிவித்தபோது சொன்ன நாளுக்குள் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, தேர்தல் எல்லாம் முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் எண்ணெய் இல்லாமல் ஓர் இருட்டறையில் கிடந்ததில் குழலின் வாயில் துரு பூத்திருந்தது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் போகிற துரு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், காலி ரிவால்வரை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாமரை அவர் குதிரை என்றுதான் சொல்வார். குதிரையைப் பின்னால் இழுக்க இழுக்கச் சிலிண்டர் ஓர் அறை திரும்பி, இழுத்து முடிக்கும் இடத்தில் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அப்பா கையைத் தூக்கினார்.

“நிறுத்து. இது பூட்டல.”

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாலாவது அறை பூட்டு விழும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றிருந்தது. விரலால் லேசாகத் தள்ளினால் ‘டிக்’ என்று உட்காருகிறது. தள்ளாவிட்டால் இல்லை. மற்ற ஐந்தும் சரி.

மயிரிழைதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். மோட்டார் பம்ப்செட்டில் மயிரிழை விலகினால் சத்தம் வரும், தண்ணீர் குறையும், அவ்வளவுதான். இங்கே அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்காத நேரத்தில் சுட்டால், தோட்டா குழலின் வாயில் ஓரம் உரசிக்கொண்டு நுழையும். உரசிய ஈயம் சில்லுச் சில்லாகப் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுகிறவர் கையில் படலாம், பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில் படலாம். விலகல் கூடக் கூட ஆபத்தும் கூடும். பர்மிங்காமில் 1813இலிருந்து துப்பாக்கிகளுக்கென்றே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை ஏற்றிச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். எங்கள் வெப்லியில் அந்த முத்திரை இருக்கிறது. அத்தனை கவனமாகச் செய்து அனுப்பிய பொருளை “ஓடினாப் போதும்” என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

கோயமுத்தூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். முன்பக்கம் ஏர் கன்னும் தோட்டாவும் விற்கிறார்கள், பின்பக்கம் ரிப்பேர். கல்லாவில் இருந்தவர் ரிவால்வரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“விட்டுட்டுப் போங்க மேடம், பண்ணி வெச்சிருவாங்க.”

“யாருங்க பண்ணுவாங்க?”

“ஆள் வருவாப்ல.”

நாலாவது அறை என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நானே ஒரு தாளில் எழுதி, ரிவால்வரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது, ரெடி என்று.

போய்ப் பார்த்தபோது நான் எழுதிய தாள் கட்டிய கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. ரிவால்வர் மட்டும் பளபளவென்று இருந்தது. கேட்காமலே பஃப் போட்டு, மேலே புதிதாக நீலக்கருமை ஏற்றியிருக்கிறார்கள். கூர்மையாக இருந்த விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி போல மழுங்கிவிட்டது. சிறகு முளைத்த தோட்டாவின் ஒரு சிறகைக் காணோம். திருகுகளின் தலையெல்லாம் பிய்ந்திருந்தன. வெப்லியின் திருகுத் தலையில் உள்ள பள்ளம் மெலிசானது. அந்தப் பள்ளத்தில் அசையாமல் உட்காரும்படி முனை தீட்டிய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். இந்த வேலை தெரிந்தவர் மேஜையில் முதலில் இருக்க வேண்டிய சாமான் அது. ஸ்விட்ச் போர்டு கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகியிருக்கிறார்கள். வழுக்கிய கோடு உடம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு இருக்கிறது.

உள்ளே இருந்த வி வடிவ ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தார்கள். “ஸ்பிரிங் வீக்கா இருந்துச்சு மேடம், கான்பூர் ஸ்பிரிங் போட்டிருக்கு” என்றார். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்கிற .32 ரிவால்வர் இந்த வெப்லியைப் பார்த்துச் செய்ததுதான். பார்த்தால் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். ஆனால் பழைய வெப்லியின் உள்பாகங்களை ஒவ்வொன்றாக, அந்தந்தத் துப்பாக்கிக்கென்று கையால் அரம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் செருப்பைத் தம்பிக்குப் போட்டுவிடுவதுபோல மாட்டிவிட முடியாது. இப்போது ட்ரிகர் இரண்டு மடங்கு கனமாகிவிட்டது. பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன். “அதத் தூக்கிப் போட்டிருப்பாங்க” என்றார்.

நாலாவது அறை அப்படியே இருந்தது.

இதெல்லாம்கூட மனசு ஆறிவிடும். ஆறாதது நம்பர். பஃப் போட்ட வேகத்தில் உடம்பில் குத்தியிருந்த வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் தேய்ந்துவிட்டன. சாய்வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆயுதச் சட்டம் 1959இன் எட்டாவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று எடுத்துக்கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும், அவர் தொழிலே அதுதானே. கேட்டதற்கு, “அதான் தெரியுதுல்ல மேடம்” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கிணத்துக்கடவில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கீறல் விழாமல் அப்பா காப்பாற்றியதை நான் மூன்று வாரத்தில் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. மறுநாள் எண்ணைப் போட்டோ எடுத்து, கடை ரசீதின் நகலை வைத்து, நடந்ததை எழுதி லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் மறைக்க நினைத்தேன். முடியவில்லை. கையில் வாங்கியதும் விரலால் தடவிப் பார்த்தார். “சிறகக் காணமே” என்றார்.

சென்னைக்குப் போனால் ஆள் இருப்பார் என்றார்கள். ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள், அது உண்மை. கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு. யோசித்துப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வேலைதான். கடிகாரத்திலும் ஒரு ஸ்பிரிங், ஒரு பற்சக்கரம், ஒவ்வொரு பல்லாகத் தள்ளிவிடும் ஒரு நாக்கு. நேரம் தப்பக்கூடாது. ரிவால்வரிலும் அதேதான். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு இரும்பை இழை இழையாக இழைக்கிற கைகள் மவுண்ட் ரோட்டில் இருந்தன.

நான் போன சென்னைக் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். வெப்லியைப் பார்த்ததும் எழுந்து நின்று வாங்கினார். கோயமுத்தூரில் நடந்ததைப் பார்த்து “அய்யய்யோ” என்றார். அந்த அய்யய்யோ ஒன்றே எனக்குப் பாதி ஆறுதல். ஆனால் அவர் வியாபாரி, வேலைக்காரர் இல்லை. அவர் கடையில் இருந்த மிஸ்திரி பீகார் முங்கேரிலிருந்து வந்தவராம். முங்கேருக்கு 18ஆம் நூற்றாண்டில் மீர் காசிம் தன் தலைநகரை மாற்றிக்கொண்டபோது அங்கே துப்பாக்கிப் பட்டறை வைத்தார். அதிலிருந்து அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இதே தொழில். இப்போது கள்ளத்துப்பாக்கிக்காகவும் அந்த ஊர் பெயர் அடிபடுகிறது. அது வேறு வேதனை. பெரியவர் கடை மிஸ்திரி முப்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு, கை நடுங்க ஆரம்பித்ததும் ஊருக்குப் போய்விட்டார். மகன் ஏதோ லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். “அவனக் குத்தம் சொல்ல முடியாதும்மா. மாசத்துக்கு ரெண்டு ரிவால்வர் வந்தா அதிகம். அத வெச்சு அவன் என்ன சாப்பிடுவான்?” என்றார் பெரியவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை படிப்படியாக நின்றது. நிற்கத்தான் வேண்டும், டாப்ஸ்லிப்பை ஒட்டி வாழ்கிற நான் அதை மனதார ஏற்கிறவள். ஆனால் மிஸ்திரிகளின் மேஜையை நிறைத்துவந்த வேட்டைத் துப்பாக்கிகள் அதோடு அலமாரிக்குப் போய்விட்டன. 1979இல் வெப்லி கம்பெனியே இங்கிலாந்தில் ரிவால்வர் செய்வதை நிறுத்தியது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வதற்கும் கதவு அடைபட்டது. அதற்குப் பிறகு பாகம் எங்கிருந்து வரும்? உடைந்தால் கையால் செய்துகொள்ள வேண்டும். கையால் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கலாம், டர்னர் படிக்கலாம். இந்த வேலையை ஒரு மிஸ்திரியின் பக்கத்தில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்துதான் படிக்க முடியும். உட்கார யாரும் வரவில்லை.

எனக்கு ஆற்றாமை பொங்குவது வேறு இடத்தில். நான் இருப்பது கோயமுத்தூர்ப் பக்கம். பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடுகிற ஊர். பம்ப், மோட்டார், கிரைண்டர், மில் மெஷின் பாகம் என்று வரைபடத்தைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கையில் தந்துவிடுவார்கள். கணபதியில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியின் கூட்டாளியிடம், ரிவால்வரைக் கொண்டுபோகாமல், கோளாறை மட்டும் படம் போட்டுக் காட்டினேன். சிலிண்டரைத் திருப்பித் தள்ளுகிற நாக்கு இவ்வளவு பெரிது, இந்த முனை தேய்ந்திருக்கலாம் என்று. அவன் பார்த்துவிட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அக்கா, ஒரு மணி நேர வேலை. ஆனா நான் தொட மாட்டேன். இது பட்டறைல இருக்குன்னு தெரிஞ்சா சீல் வெச்சுருவாங்க.”

அவன் சொன்னது சரி. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். ஐந்தாவது பிரிவின்படி, செய்வதற்கும் விற்பதற்கும் போலவே பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். அந்தக் கட்டு அவசியம் என்றுதான் நான் நினைக்கிறேன். லேத் இருக்கிற சந்திலெல்லாம் துப்பாக்கிப் பாகம் கடைய ஆரம்பித்தால் இந்த ஊர் என்ன ஆகும்? அதனால் அவனை நான் வற்புறுத்தவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

“எதுக்கு இத்தன பாடு? சரண்டர் பண்ணிட்டு நிம்மதியா இருங்க” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வித்துடலாம், பழைய வெப்லிக்கு நல்ல விலை வரும் என்கிறார்கள் சிலர். விலை வரும், தெரியும். போலீஸும் ராணுவமும் வைத்திருந்த .380, .455 தோட்டா சுடும் ரிவால்வர்கள் பொதுமக்களுக்குத் தடை என்பதால், பழைய .32களுக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. ஆனால் கோளாறோடு ஒருத்தர் தலையில் கட்டுவதா? வாங்குகிறவர் நாலாவது அறையில் சுட மாட்டார் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அது தவிர, அப்பா இருக்கிறார். அவர் இருக்கும்வரை அது போகாது.

பாலக்காட்டில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். ஆனால் என் லைசென்ஸில் எல்லை தமிழ்நாடு என்று போட்டிருக்கிறது. மீனாட்சிபுரம் செக்போஸ்டைத் தாண்ட வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும். குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி உண்டு, லைசென்ஸ் விலக்கே அவர்களுக்கு உண்டு. அங்கே நல்ல மிஸ்திரிகள் இருப்பார்கள் என்றார் இன்னொருவர். அங்கும் மாநிலம் தாண்ட வேண்டும். அவர்கள் கை பழகியதும் பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கி. தபாலிலும் கூரியரிலும் அனுப்புகிற பொருளா இது?

கடைசியில் ஆளைக் கண்டுபிடித்தது குன்னூர்ப் பக்கம். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது 76. பழைய .38 ரிவால்வர்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தே சர்வீஸில் பாதிக் காலம் போனது என்றார். லைசென்ஸ், ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே லைசென்ஸை வாங்கி முழுதாகப் படித்தார். பிறகு உள்ளே உட்காரச் சொன்னார். ரிவால்வரைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

“நீயே வெச்சுக்கம்மா. நான் தொடல. எங்கிட்ட ரிப்பேர் லைசென்ஸ் இல்ல. பாக்கறேன், அவ்வளவுதான்.”

மூடச் சொன்னார். குதிரையை இழுக்கச் சொன்னார். “மெதுவாம்மா. இன்னும் மெதுவா. உன் விரல் வேகத்துல அது தப்பிச்சுப் போயிருது.” ஆறு அறையையும் அப்படி இழுக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பிறகு திறந்து, நட்சத்திரத் தகட்டின் பின்முகத்தில் இருக்கும் பற்களை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“நாக்கு முனை கொஞ்சம் தேஞ்சிருக்கு. அது பெரிசில்ல. அந்த நாலாவது பல்லு தனியாத் தேஞ்சிருக்கு பார், மத்ததவிட விளிம்பு உருண்டிருக்கு. யாராச்சும் நாக்க மட்டும் நீட்டிக் கொடுத்தா அந்த ஒரு அறை பூட்டும். மத்த அஞ்சும் இறுகிப் போயிரும். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். ஒரு நாள் முழுக்க வேல. நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது.”

கோயமுத்தூர்க்காரர் மூன்று வாரம் வைத்திருந்து கண்டுபிடிக்காததை, தொடாமலே, ஐந்து நிமிஷத்தில். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டார். “நல்ல ஸ்பிரிங்கக் கழட்டிட்டானுங்க” என்றார். புது ஸ்பிரிங்கை இழைத்து வலுவைக் குறைத்துக் கொண்டுவரலாம், அதுவும் அந்த ஒரு நாள் வேலையில் சேர்த்தி என்றார். பேசும்போது அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முழங்காலின்மேல் அரம் பிடிப்பதுபோலத் தானாக அசைந்துகொண்டிருந்தன.

தெரிந்தவர் தொடக் கூடாது. தொடலாம் என்று லைசென்ஸ் மாட்டியிருக்கிறவருக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு நிலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் வைத்திருப்பது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது என்னைப் பற்றி எல்லாம் கேட்கிறார்கள். வழக்கு இருக்கிறதா, எங்கே பூட்டி வைக்கிறாய், எத்தனை தோட்டா மிச்சம். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். அந்த ஆயுதம் சுடத் தகுதியான நிலையில் இருக்கிறதா, கடைசியாக யார் பார்த்தார்கள் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. என் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

லைசென்ஸ் உள்ள கடை ஒன்றின் மேஜையில் அவரை ஒரு நாள் உட்கார வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கடையின் லைசென்ஸ், கடையின் பதிவேடு, கடையின் கூரை. கை மட்டும் அவருடையது. மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன். ஒருவர், வெளியாளை உள்ளே விட்டால் நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனில் பதில் சொல்ல முடியாது என்றார். இன்னொருவர், யோசிக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மூன்றாவது கடைக்காரர் மட்டும், கலெக்டர் ஆபீஸில் அவர் பெயரை வேலையாளாகச் சேர்த்து ஒப்புதல் வாங்கித் தந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னார். போன மாதம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிலேயே இன்னொன்றையும் எழுதினேன், அது அவர்கள் கையில் இல்லை என்று தெரிந்தும். திருச்சியில் 1966இலிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற கைகள் அந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. லைசென்ஸ் உள்ள பழைய துப்பாக்கிகளைப் பார்த்துக் கொடுக்கவும், சுட்டுச் சோதித்துச் சான்று தரவும், நாலு பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கவும் அங்கே ஒரு மேஜை போடக் கூடாதா? கட்டணம் எவ்வளவு என்றாலும் கட்ட என்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். மனுவை வாங்கிக்கொண்ட பெண், முத்திரை வைத்து நகலைக் கொடுத்தாள். “பதில் வரும் மேடம்” என்றாள். இன்னும் வரவில்லை.

நேற்று மாலை அப்பா ரிவால்வரைக் கேட்டார். பெட்டியை எடுத்துவந்து, காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். குதிரையை இழுத்து, கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினார். டிக். மறுபடி. டிக். ட்ரிகர் கனத்துப் போனதில் மூன்றாவது தடவை அவர் விரல் நடுங்கியது. நாலாவதில் சத்தம் இல்லை. அப்பா ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இடது கைப் பெருவிரலால் சிலிண்டரைத் தொட்டார். ஒரு மயிரிழை நகர்த்தினார்.

டிக்.

“இவ்வளவுதான் அம்மிணி வேணும்” என்றார். ரிவால்வரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

“அந்தக் குன்னூர்க்காரருக்கு எத்தன வயசுன்னு சொன்ன?”

“76ங்கப்பா.”

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.